குழந்தைகள் காப்பகமும் அரசு உரிமமும்

(வெள்ளிவிழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக மாலைநேர வகுப்பு, படிப்புதவி, படிப்பகம் எனத் தொண்டாற்றி வந்துள்ள நம் சங்கம், வெள்ளிவிழாவின் நினைவாக நம் காலனியில் குழந்தைகள் காப்பகம் ஒன்றைத் தொடங்குவதெனத் தீர்மானித்துள்ளது. அதற்கு அரசிடமிருந்து பெற வேண்டிய உரிமங்கள் யாவை, அவற்றைப் பெறும் முறை யாது என்பதை எடுத்துரைக்குமாறு தலைவர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். நான் சட்டம் பயின்றவனல்லேன். ஆயினும் அரசுப் பள்ளித் தலைமையாசிரியன் என்ற முறையில் உரிமம், சான்று, ஆய்வு, பதிவேடு ஆகியவற்றோடு நெடுங்காலம் பழகியவன். அந்தப் பழக்கத்தின் துணைகொண்டு சில சொல்லத் துணிகின்றேன்.

காப்பகம் ஏன் வேண்டும்?

பள்ளியின் வருகைப் பதிவேடு வெறும் பெயர்ப் பட்டியலன்று. படிக்கத் தெரிந்தவர்க்கு அஃது ஊரின் வாழ்வையே காட்டும் கண்ணாடியாகும். நடவுக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளின் பெயருக்கு நேரே வராமைக் குறிகள் வரிசையாக விழும். "ஏனம்மா நேற்று வரவில்லை?" என்று வினவினால், "தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை, ஐயா" என்பதே பெரும்பாலும் விடையாக வரும். தாய் வயலுக்கோ, சித்தாள் வேலைக்கோ, செங்கல் சூளைக்கோ போயாக வேண்டும். கைக்குழந்தையை ஒன்பது வயதுச் சிறுமியின் இடுப்பில் ஏற்றிவிட்டுப் போகின்றாள். அன்றைக்கு ஒரு குழந்தைக்குக் காவல் கிடைக்கின்றது. மற்றொரு குழந்தைக்குக் கல்வி போகின்றது. ஆகவே, காப்பகம் என்பது கைக்குழந்தைகளுக்கான ஏற்பாடு மட்டுமன்று. அந்தக் குழந்தைகளின் அக்காள்மாரைப் பள்ளியில் நிலைநிறுத்தும் ஏற்பாடும் ஆகும். கல்விச் சங்கம் இதனைக் கையிலெடுப்பது முற்றிலும் பொருத்தமே.

உழைக்கும் தாயின் குழந்தைக்குக் காப்பகம் வேண்டும் என்னும் கருத்தைச் சட்டம் நெடுநாளைக்கு முன்பே ஏற்றுக்கொண்டது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பறை அமைக்க வேண்டுமென விதித்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் அவ்வாறே விதித்தது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளர்கள் உள்ள நிறுவனங்களின்மீது இக்கடமையைச் சுமத்தியது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இக்கடமை இடம்பெற்றுள்ளது.

ஆனால் நம் தாய்மார்கள் பணிபுரியும் இடம் எது? வயலுக்கு மதிற்சுவர் இல்லை. சித்தாள் வேலைக்கு இன்று ஒரு மேஸ்திரி, நாளை ஒரு மேஸ்திரி. இவர்களை ஐம்பது பேர் கொண்ட நிறுவனமென்று எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐவரோ அதற்கு மேலோ பணித்தளத்துக்கு வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவருக்கும் கூலி வழங்க வகை செய்திருந்தது. அத்தகைய ஏற்பாடு இல்லாத மற்ற நாள்களில், வயலின் வரப்பும் மரத்தில் கட்டிய தூளியுமே நம் குழந்தைகளின் காப்பகமாக இருந்து வருகின்றன. சட்டத்தின் வேலிக்கு வெளியே நிற்கும் இத்தாய்மார்களுக்காகவே நம் சங்கம் இப்பணியை மேற்கொள்கின்றது.

உரிமம் எதற்காக?

"நல்ல காரியம் செய்யப் போகின்றோம், அதற்கு எதற்கு ஆயிரம் சான்றிதழ்? நாலு பாயை விரித்து நாளைக்கே தொடங்கிவிடலாமே" என்று நம் இளைஞர்களில் சிலர் கேட்கின்றனர். அவர்களுடைய ஆர்வத்தை நான் மதிக்கின்றேன். எனினும் 2004ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16ஆம் நாளை அவர்களுக்கு நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளேன். அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில், சமையற் கொட்டகையில் எழுந்த தீ கூரை வேய்ந்த வகுப்பறைகளுக்குத் தாவியது. 94 பச்சிளங் குழந்தைகள் மாண்டனர். கூரைக்கு அருகே அடுப்பு எரியலாமா, இத்தனை குழந்தைகள் ஒரே நேரத்தில் வெளியேற வழி உண்டா என்னும் எளிய வினாக்களை உரிய காலத்தில் உரியவர் வினவியிருந்தால், அக்குழந்தைகள் இன்று நம்மிடையே வாழ்ந்திருப்பர். அவர்களுட் பலர் நம்மைப் போன்ற எளிய குடும்பத்துப் பிள்ளைகளே என்பதை மறத்தலாகாது.

உரிமம் என்பது யாது? தன் குழந்தையை மற்றொருவர் கையில் ஒப்படைக்கும் தாய் மனத்துக்குள் கேட்கும் கேள்விகளை, அவள் சார்பில் அரசு கேட்டு, எழுத்தில் விடை பெறுவதே உரிமம். சுவர் இடியுமா? தண்ணீர் நல்லதா? கழிப்பறை உண்டா? தீப்பற்றினால் வெளியேற வழி உண்டா? குழந்தையைத் தூக்கும் கை நல்ல கையா? இவ்வளவுதான். இவற்றைக் கேட்கும் அலுவலர் நமக்குப் பகைவரல்லர். கேளாமலே கையெழுத்திடும் அலுவலரே நமக்குப் பகைவர்.

முதலில் பெயரைத் தீர்மானியுங்கள்

விண்ணப்பம் எழுதுவதற்கு முன் நாம் தெளிய வேண்டியது ஒன்றுண்டு. நாம் திறக்கப்போவது என்ன வகை நிறுவனம்? "காப்பகம்" என்னும் ஒரே சொல்லைப் பல பொருளில் வழங்கி வருகின்றோம். சட்டமோ ஒவ்வொன்றையும் வேறு வேறாகப் பார்க்கின்றது. குழந்தை இரவில் அங்கே தங்குகின்றதா, இல்லையா என்பதே முதல் வினா.

பெற்றோரை இழந்த அல்லது பாதுகாப்பற்ற குழந்தைகளை இரவு பகலாகத் தங்கவைத்துப் பேணுவது குழந்தைகள் இல்லமாகும். அதற்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி பதிவு கட்டாயம். பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். பதிவின்றி இல்லம் நடத்துவோர்க்கு ஓராண்டு வரையிலான சிறையோ, ஓர் இலட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டமோ, இரண்டுமோ விதிக்க 42ஆம் பிரிவு வகை செய்கின்றது. விண்ணப்பிக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு முப்பது நாளும் தனிக் குற்றமாகக் கருதப்படும். அத்தகைய இல்லத்திலும் குழந்தையை நம் விருப்பப்படி சேர்த்துக்கொள்ள இயலாது. மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவின் ஆணை வேண்டும். இரக்கத்தால் இரண்டு அனாதைக் குழந்தைகளைக் காப்பகத்திலேயே இரவு தங்கவைத்துவிட்டால், நல்லெண்ணம் ஒன்றே நமக்கு அரணாக நில்லாது.

பெற்றோர் உள்ள பிள்ளைகளைப் படிப்பின் பொருட்டுத் தங்கவைப்பது விடுதியாகும். அதற்குத் தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் (முறைப்படுத்துதல்) சட்டம், 2014இன்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும்.

மூன்றாவது, மழலையர் விளையாட்டுப் பள்ளி. இதற்கெனத் தமிழக அரசு 2015ஆம் ஆண்டில் ஒழுங்குமுறை விதித் தொகுப்பொன்றை வெளியிட்டது. கல்வித் துறையின் அங்கீகாரம் இதற்கு வேண்டும். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கென வகுத்துள்ள நெறிமுறையும் உண்டு. இருபது குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் இருத்தல் வேண்டும். மூன்று வயது நிரம்பாத குழந்தையைச் சேர்த்தலாகாது. பள்ளி நேரம் மூன்று முதல் நான்கு மணி வரையே என்பன அதன் கூறுகளுட் சில.

நான்காவதே நாம் கருதும் பகல் நேரக் காப்பகம். தாய் வேலைக்குப் போகும்போது குழந்தையை விட்டுச் சென்று, திரும்பும்போது அழைத்துச் செல்வாள். இல்லத்துக்குரிய பதிவு இதற்குப் பொருந்தாது. ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். பெயர்ப்பலகையில் "பள்ளி" என்று எழுதிப் பாடமும் கட்டணமும் தொடங்கிய அன்றே நாம் கல்வித் துறையின் அதிகார எல்லைக்குள் வந்துவிடுகின்றோம். ஆகவே, எத்தனை குழந்தைகள், எந்த வயது, எத்தனை மணி நேரம், என்ன பணி என்பவற்றை ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதி, மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்கும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும், மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்பி, எங்களுக்குப் பொருந்தும் விதி எதுவெனக் கேட்டு எழுத்திலேயே விடை பெறுங்கள். வாய்மொழி விடை, அலுவலர் மாறும்போது அவரோடு போய்விடும்.

அங்கன்வாடியை மறவாதீர்கள்

நாமே ஒன்றைத் தொடங்குமுன் அரசு நமக்குத் தர வேண்டியதைக் கேட்டுப் பெற்றுவிட்டோமா என்று பார்த்தல் வேண்டும். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2006ஆம் ஆண்டு திசம்பர் 13ஆம் நாள் வழங்கிய ஆணையில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாற்பது பேரேனும் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு மக்கள் கோரினால், மூன்று திங்களுக்குள் அதனைப் பெற உரிமையுடையர் என்று கூறியது. புதிய மையங்களை அமைப்பதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வாழும் குடியிருப்புகளுக்கு முதலிடம் தர வேண்டுமென்றும் பணித்தது. நம் சுற்றுவட்டாரத்தில் அங்கன்வாடி ஊரில் இருக்க, காலனிக் குழந்தை சாலையைக் கடந்து செல்ல வேண்டிய நிலை எங்கேனும் இருப்பின், அங்கே நாம் முதலில் எழுத வேண்டிய விண்ணப்பம் இவ்வாணையைச் சுட்டியதாகவே இருக்க வேண்டும்.

அங்கன்வாடிக்குப் போட்டியாக நாம் காப்பகம் திறக்கலாகாது. அங்குச் சத்துணவு உண்டு, எடை பார்த்தல் உண்டு, தடுப்பூசிக்கு வழியுண்டு. நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் 2019 முதல் மழலையர் வகுப்புகளும் தொடங்கப்பட்டன. ஆனால் அதிகாலையில் நடவுக்குப் போகும் தாய்க்கு அந்நேரத்தில் அங்கன்வாடி திறந்திராது. மாலையில் அவள் திரும்புமுன் அது மூடிவிடும். மூன்று வயது நிரம்பாத குழந்தைக்குச் சத்துமாவு கிடைக்கும். நாள் முழுவதும் தூங்க இடம் கிடைக்காது. அந்த இடைவெளியே நம் காப்பகத்துக்குரிய இடம். இவ்விடைவெளியை நிரப்புவதற்காக மத்திய அரசு 2022 முதல் "பால்னா" என்னும் பெயரில் அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்களை அமைக்க நிதி ஒதுக்கி வருகின்றது. அதனையும் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குக் கட்டணமில்லை.

ஆயத்தம் செய்ய வேண்டியவை

இனி, நாம் திரட்ட வேண்டிய ஆவணங்களைப் பார்ப்போம். முதலாவது, சங்கத்தின் தகுதி. நம் சங்கம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவுபெற்றது. நம் துணைவிதியின் நோக்கப் பகுதியில் "குழந்தைகள் பராமரிப்பு" என்ற சொல் உண்டா என்று பாருங்கள். இல்லையெனில், பொதுக்குழுவைக் கூட்டிச் சிறப்புத் தீர்மானம் இயற்றித் திருத்தத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டுதோறும் அனுப்ப வேண்டிய தணிக்கைக் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் நிலுவையின்றி இருத்தல் வேண்டும். இவை இல்லாத சங்கத்தின் விண்ணப்பம் முதல் மேசையிலேயே நின்றுவிடும்.

இரண்டாவது, இடமும் கட்டடமும். சொந்த இடமாயின் பட்டா. வாடகை இடமாயின் பதிவுசெய்த ஒப்பந்தம். ஊராட்சியின் கட்டட அனுமதி, பொறியாளரின் கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் வழங்கும் கட்டட உரிமம், சுகாதார அலுவலரின் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று ஆகியன பள்ளிகளுக்கு வழக்கமாகக் கேட்கப்படுபவை. நம் வகைக்கு இவற்றுள் எவை கட்டாயமாயினும், எல்லாவற்றையும் பெற்று வைப்பதே அறிவுடைமை. தரைத்தளமாக இருக்கட்டும். கூரை வேய்ந்த கொட்டகை கூடவே கூடாது. சமையலறை குழந்தைகள் துயிலும் அறையை ஒட்டி இருத்தலாகாது. கிணறு, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றுக்கு மூடியும் பூட்டும் வேண்டும்.

மூன்றாவது, பணியாளர். தவழும் பருவத்துக் குழந்தைகள் பத்துப் பேருக்கு ஒருவரேனும் வேண்டும். தனியொருவரிடம் காப்பகத்தை விட்டுச் செல்லலாகாது. குழந்தைகளோடு பழகும் ஒவ்வொருவர் குறித்தும் காவல் துறையின் நன்னடத்தைச் சரிபார்ப்பு நடைபெற வேண்டுமென 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் கூறுகின்றன. "அவர் நம் உறவினர்தாமே" என்று இதிற் சலுகை காட்டலாகாது. குழந்தைக்குத் தீங்கு நேர்ந்ததெனத் தெரிந்தும் அறிவிக்காமல் மறைத்தல், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றமாகும். 1098 என்னும் எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

நான்காவது, உணவு. இலவசமாகவே வழங்கினும் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். ஐந்தாவது, பதிவேடுகள். வருகை, தடுப்பூசி, உணவு, பார்வையாளர், விபத்து ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடு வேண்டும். குழந்தையை மாலையில் அழைத்துச் செல்ல யார் யாருக்கு உரிமையுண்டு என்பதைத் தாயிடம் கேட்டு எழுதிக் கையொப்பமோ கைரேகையோ பெறுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாதவர் தாய்மாமனே ஆயினும் குழந்தையை அனுப்பலாகாது.

நமக்கே உரிய இடர்கள்

இவ்விதிகள் எல்லார்க்கும் பொதுவானவை. ஆனால் அவற்றின் சுமை எல்லார் தோளிலும் ஒரே அளவாக இறங்குவதில்லை. நகரத்துச் செல்வர் சாலையோரத்தில் மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு திங்களில் எல்லாச் சான்றும் பெற்றுவிடுகின்றார். காலனியிலோ, பட்டா குடியிருப்பு மனைக்கென வழங்கப்பட்டதாக இருக்கும். தெருவுக்குள் தீயணைப்பு வண்டி நுழைய அகலம் போதாது. ஊர்த்தெருவில் வாடகைக்குக் கேட்டால், காலனிக் குழந்தைகளுக்கு என்றவுடன் வீடு இல்லையென்ற விடை வரும் இடங்கள் இன்றும் உள.

இதற்கு நாம் என் செய்வது? விதியைத் தளர்த்துங்கள் என்று கேட்பது ஒரு வழி. அதனை நான் பரிந்துரைக்க மாட்டேன். "சேரிப் பிள்ளைகளுக்கு இது போதும்" என்னும் எண்ணத்தை எதிர்த்தே நம் முன்னோர் பள்ளிகளைக் கட்டினர். சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியது அரைகுறையான ஒன்றை நமக்கு ஒதுக்கித் தருவதற்கன்று. ஆதலால் விதியைத் தளர்த்தச் சொல்லாமல், விதியை நிறைவேற்றத் துணைசெய்யுமாறு அரசைக் கேட்போம். தெருவை அகலப்படுத்துங்கள், சமுதாயக் கூடத்தைப் பகலில் தாருங்கள், மனையின் நிபந்தனை குறித்து எழுத்தில் விளக்கம் தாருங்கள் என்று கேட்போம். அஃது உரிமை.

அலுவலகங்களில் நடந்துகொள்ளும் முறை குறித்தும் ஒரு சொல். இடைத்தரகரை நாடாதீர்கள். விண்ணப்பத்தைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, ஒப்புகை பெறாமல் திரும்பாதீர்கள். விடை வாராவிடின் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பொதுத் தகவல் அலுவலர் விடையளிக்கக் கடமைப்பட்டவர். அண்ணல் அம்பேத்கர் 1928ஆம் ஆண்டிலேயே பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். உழைக்கும் தாயின் துன்பத்தைச் சட்டத்தின் மொழியில் எடுத்துரைத்த அப்பெருமகனாரின் வழியில் வந்த நாம், விண்ணப்பத்தாளைக் கண்டு அஞ்சலாமா?

முடிவுரை

பெரியோர்களே! என் கருத்தைத் தொகுத்துக் கூறுகின்றேன். அடுத்த திங்களில் நம் இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கணக்கெடுக்கட்டும். மூன்று வயது நிரம்பாதவர் எத்தனை பேர், தாய் வேலைக்குப் புறப்படும் நேரம் யாது, திரும்பும் நேரம் யாது என்பனவும் எழுதப்படட்டும். அக்கணக்கைக் கொண்டு அங்கன்வாடி குறித்த விண்ணப்பம் முதலிலும், துணைவிதித் திருத்தம் இரண்டாவதாகவும், இடத்தைத் தெரிவுசெய்தல் மூன்றாவதாகவும் நடக்கட்டும். இடத்தைத் தெரிவுசெய்யும் குழுவில் பாதிப் பேரேனும் குழந்தை பெற்ற தாய்மார்களாக இருக்கட்டும். ஆண்கள் சுவரையும் வாடகையையும் பார்ப்பார்கள். தாய்மார்களே தாழ்ப்பாளின் உயரத்தையும் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பையும் பார்ப்பார்கள்.

ஐம்பது குழந்தைகளோடு விழா எடுத்துத் தொடங்கி ஆறு திங்களில் மூடுவதினும், பத்துக் குழந்தைகளோடு எல்லாச் சான்றும் பெற்றுத் தொடங்கி ஆண்டுதோறும் வளர்வது மேலாகும். உரிமம் பெற்றபின் அதனைச் சட்டமிட்டு மாட்டிவிட்டு மறந்துவிடுதலும் கூடாது. காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டிய நாளைச் செயலாளர் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தல் வேண்டும்.

அவ்வாறு நம் காப்பகத்தின் கதவு திறக்கும் நாளில், கைக்குழந்தையை ஒப்படைத்துவிட்டுத் தாய் கவலையின்றி வேலைக்குப் போவாள். அக்காள் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வருவாள். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே வருகைக் குறி இடும் ஆசிரியனின் மகிழ்ச்சியை எதிர்நோக்குகின்றேன்.